புதிய பிரேக், நடுங்கும் ஸ்டீயரிங்

காரின் முன்சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பேட் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்திய விரைவுச்சாலையில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. தேக்காவில் காரை நிறுத்தி இறங்கினால் தீய்ந்த வாடை. இடது முன்சக்கரத்தின் அருகே கையை நீட்டினேன். தொடாமலேயே அனல் அடித்தது. வலது சக்கரத்தில் அவ்வளவு சூடு இல்லை. (நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.)

பிரேக்கின் வேலை, காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. 1,400 கிலோகிராம் கார் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்குங்கள்: 280,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து ஏறக்குறைய 97 டிகிரிக்குச் சூடாக்க இது போதும். ஒரே ஒருமுறை நிறுத்துவதற்கு இவ்வளவு வெப்பம்! நான்கு சக்கரங்களும் பகிர்ந்துகொண்டு அதைக் காற்றில் விடுகின்றன.

என் காரில் ஒரு சக்கரம் மட்டும் ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறது. மெக்கானிக் அங்கிள் காரைத் தூக்கி முன்சக்கரங்களைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் எளிதாகச் சுழன்றது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது.

பிரேக்கை மிதித்தால் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதைச் சற்றே பின்னிழுக்கும். புதிய பேட் தடிமனானது. அதற்கு இடம் விட, வெளியே நீண்டிருந்த பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய காரில் அந்தப் பகுதியில் துருவும் அழுக்கும் இருந்தால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். கேலிப்பர் நகரும் ஊசிகளில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் இதே கதைதான். என் காரில் இரண்டுமே இருந்தன.

சரி, நடுக்கம்? "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அதிகச் சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தடிமன் வேறுபாடே கைக்குத் தெரியும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது 10 முறை சுழலும். திட்டு ஒன்று என்றால் வினாடிக்கு 10 உதறல். வேகம் பாதியானால் உதறலும் 5 ஆகும். வேகத்தோடு சேர்ந்து உதறலும் குறைகிறது, பிரேக் மிதிக்கும்போது மட்டுமே வருகிறது என்றால், சுழலும் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் உணர்ந்தால் அநேகமாக முன்சக்கரம்.

எனக்குப் பயம் தந்தது நடுக்கமல்ல, சூடுதான். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த கால் உள்ளே போகும்; கார் நிற்காது. அன்று சிராங்கூன் சாலையின் கூட்டத்தில் அப்படி நடந்திருந்தால்?

கேலிப்பர், டிஸ்க், பேட் மூன்றையும் மாற்றி, பழைய திரவத்தையும் வெளியேற்றினோம். திரும்பும்போது அதே விரைவுச்சாலையில் மெல்ல பிரேக் பிடித்தேன். ஸ்டீயரிங் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தேன். ஒரே அளவு சூடு.