விருந்தினர் பொறிக்குத் திறந்த மூலக் கருவிகள்

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினியை மெய்நிகர்ப் பொறி என்கிறோம். இடமளிக்கும் கணினி ஓம்புநர். மெய்நிகர்ப் பொறியில் இயங்கும் இயங்குதளம் விருந்தினர். தொல்காப்பியத்தில் விருந்து என்பது புதுமையைக் குறிக்கும். புதிதாக வந்தவருக்கு வீட்டு வழக்கம் தெரியாததுபோல, இவ்விருந்தினருக்கும் ஓம்புநரின் நேரமோ சாளரத்தின் அளவோ தானாகத் தெரியாது. அவற்றைத் தெரிவிப்பவையே விருந்தினர் துணைக்கருவிகள்.

இவற்றை மூடிய வடிவில் வழங்குவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. லினக்சின் மையமாகிய கருநிரல் மாறுந்தோறும் அதன் உள்ளிணைப்புகளும் மாறக்கூடும்; ஒரு பதிப்பிற்கெனத் தொகுத்த இயக்கி அடுத்த பதிப்பில் இயங்காது போகலாம். 2007இல் விஎம்வேர் நிறுவனம் தன் துணைக்கருவிகளின் பெரும்பகுதியை ‘ஓப்பன் விஎம் டூல்ஸ்’ என்னும் பெயரில் திறந்த மூலமாக்கியது. மூலநிரல் கையில் இருப்பதால் பயனர், ‘கன்ஃபிகர்’ கட்டளையால் தேவையான நிரலகங்கள் உள்ளனவா எனச் சோதித்து, ‘மேக்’ கட்டளையால் தம் பொறிக்கேற்பத் தொகுத்துக்கொள்ளலாம். டெபியன் போன்ற வழங்கல்கள் தாமே தொகுத்தும் அளிக்கின்றன. விஎம்வேரின் வலையமைப்பு இயக்கி 2009இல் கருநிரலிலேயே சேர்ந்தது. அதுமுதல் கருநிரல் மாறும்போது இயக்கியும் உடன் திருத்தப்படுகிறது.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் இதனால் பயனுண்டு. ‘பலூன்’ எனப்படும் இயக்கி, விருந்தினரிடமுள்ள நினைவகத்தை வாங்கி ஓம்புநருக்கு அளிப்பது. பெயரை மட்டும் பார்த்தால் ஊதுபை என்போம். நிரலைப் படித்தால் நினைவக மீட்பி என்போம். செயலறிந்து பெயரிட மாணவர் பழகுவதற்குத் திறந்த மூலம் நல்லதொரு பாடநூல் எனக் கருதுகிறோம்.