குலுக்கினால் உருளும் குண்டு

பெயிண்ட் தெளிக்கும் டப்பாவைக் குலுக்கினால் 'கடகட' என்று ஓசை வரும். உள்ளே ஒரு சிறு குண்டு இருக்கிறது. அது எதற்கு?

பெயிண்டில் உள்ள வண்ணத்தூள் கனமானது. டப்பா சும்மா இருந்தால் தூள் அடியில் படிந்துவிடும். குலுக்கும்போது குண்டு உருண்டு, அந்தத் தூளைக் கிளப்பிவிடும். ஓசை கேட்ட பிறகும் ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

செடிக்கு மருந்து தெளிக்கும் கைப்புட்டியிலும் இதே தொல்லை உண்டு. பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையைப் பாருங்கள். மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்பு நீரையும் சேர்த்துச் செய்வது அது. சிறிது நேரம் வைத்தால் மருந்து அடியில் தங்கிவிடும். பிறகு ஒரு செடிக்கு வெறும் தண்ணீர், இன்னொரு செடிக்கு அளவுக்கு மீறிய மருந்து என்று ஆகும். ஆகவே புட்டிக்குள் ஒரு குண்டு போடலாம்.

எந்தக் குண்டு போடுவது? சுலபமாகக் கிடைப்பது சைக்கிள் பால்ரஸ் குண்டு. கனமானது, நன்றாகக் கலக்கும். ஆனால் அது இரும்பு. தண்ணீரில் துருப்பிடிக்கும். துரு உதிர்ந்து, தெளிக்கும் துளையை அடைக்கும்.

அதைவிடப் பெரிய கெடுதலும் உண்டு. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. நோயைத் தடுப்பதும் அந்தச் செம்புதான். சுண்ணாம்பு சற்றுக் குறைந்திருந்தால், செம்பு பிரிந்து இரும்பின்மேல் படியும். இரும்பு கரையும். மருந்து குண்டில் ஒட்டிக்கொண்டால் இலைக்கு என்ன கிடைக்கும்?

விவசாயிகள் பலருக்கு இது பழகிய சங்கதி. கலவை தயாரானதும் தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் முக்குவார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். கலவையை இரும்புப் பாத்திரத்தில் கலக்கவும் மாட்டார்கள்.

அலுமினியக் குண்டும் ஆகாது. சுண்ணாம்பு அதை அரிக்கும். ஈயம் நஞ்சு. பிளாஸ்டிக் குண்டுகளில் பல மிதக்கும்.

பிளாஸ்டிக் புட்டிக்குப் பிள்ளைகள் ஆடும் கண்ணாடிக் கோலியே ஏற்றது. அது துருப்பிடிக்காது. தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம். விலையும் குறைவு. கீறலோ விரிசலோ இல்லாத கோலியாகப் பாருங்கள். உறிஞ்சு குழாயின் வாய்க்குள் நுழையாத அளவு பெரியதாகவும் இருக்கட்டும். கண்ணாடிப் புட்டியில் மட்டும் போட வேண்டாம். குலுக்கும்போது புட்டி உடைந்துவிடும்.

மருந்தில் கிடந்த கோலியைத் திரும்பவும் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கக் கூடாது. புட்டியோடு கழுவி, அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.