இழப்பீடு கேட்காத ஆண்டுகளின் கணக்கு

இருசக்கர வண்டிக்குக் காப்பீடு எடுத்த ஒருவர், ஓராண்டுக் காலம் முழுவதும் தம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்காக நிறுவனத்திடம் இழப்பீடு எதுவும் கோராமல் இருந்தால், அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் அவருக்குக் கிடைக்கும் கழிவே நோ கிளெய்ம் போனஸ் எனப்படுகிறது. முகவர்களும் ஷோரூம்காரர்களும் இதைச் சுருக்கமாக என்.சி.பி. என்பார்கள். எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் வடசென்னைத் தொழிலாளருக்கு, அடிபடாமல் கழிந்த ஓர் ஆண்டு எளிதில் வாய்ப்பதன்று. ஆனாலும் அந்த ஆண்டுக்கு உரிய கழிவைச் சிலர் அது தம்மிடம் இருப்பதே தெரியாமல் இழக்கிறார்கள். வேறு சிலரோ அதைக் காப்பாற்றுவதாக எண்ணி, அதைவிடப் பல மடங்கு பெரிய இழப்பீட்டைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கழிவு எந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது என்பதை அறியாததே இவ்விரண்டுக்கும் காரணம்.

வண்டிக் காப்பீடு இரண்டு பகுதிகளால் ஆனது. முதலாவது மூன்றாம் நபர் காப்பீடு, பேச்சு வழக்கில் தேர்டு பார்ட்டி. ஒருவருடைய வண்டியால் பிறருக்கு உயிரிழப்போ காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் அதற்கான இழப்பீட்டை இது ஏற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருப்பதால், இது இல்லாமல் வண்டி ஓட்டுவோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்படுகிறது. இதன் கட்டணத்தை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை, அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், அதற்கு மேல் 350 சிசி வரை 1,366 ரூபாய். இரண்டாவது பகுதி சொந்தச் சேதக் காப்பீடு. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல் முதலியவற்றால் காப்பீடு செய்தவரின் சொந்த வண்டிக்கு நேரும் இழப்பை இது ஈடுசெய்கிறது. எடுப்பதும் எடுக்காததும் உரிமையாளரின் விருப்பம். இரண்டும் சேர்ந்த காப்பீட்டைத்தான் மக்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறார்கள். கழிவு இந்த இரண்டாவது பகுதியின் பிரீமியத்துக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நபர் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

கழிவின் படிநிலைகள் 2002இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் வரையறுக்கப்பட்டவை. இழப்பீடு கோராத முதல் ஆண்டின் முடிவில் 20 விழுக்காடு, தொடர்ந்து இரண்டாம் ஆண்டில் 25, மூன்றாம் ஆண்டில் 35, நான்காம் ஆண்டில் 45, ஐந்தாம் ஆண்டில் 50 என்று உயர்ந்து, அந்த உச்சத்திலேயே நிற்கும். இடையில் ஒரே ஒருமுறை இழப்பீடு பெற்றாலும், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், அடுத்த புதுப்பிப்பில் கழிவு சுழியமாகி, ஏணியின் அடிப்படியிலிருந்து மறுபடியும் ஏற வேண்டும். 2007 முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பின்னரும் இந்தப் படிநிலைகள் மாறவில்லை. ஆகவே எந்த நிறுவனத்திடம் போனாலும் விழுக்காடு ஒன்றுதான், அது கணக்கிடப்படும் அடிப்படைத் தொகைதான் வேறுபடும்.

அறியாமலே கழிவு பறிபோகும் இடம் பெரும்பாலும் புதிய வண்டியின் முதலாண்டு முடிவு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் விற்பனையாகும் ஒவ்வொரு புதிய இருசக்கர வண்டிக்கும் ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. முதலாண்டுக்குப் பின் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓடும் வண்டிகளில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் இழப்பீட்டுக்கு வழியின்றி நின்ற நிலையை மாற்றிய அந்த உத்தரவு, இந்நாட்டுச் சாலைகளில் நடந்து போகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஆனால் ஷோரூமில் தரப்படும் அதே தாளில் சொந்தச் சேதக் காப்பீடு வழக்கமாக ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும். ஐந்தாண்டு என்ற சொல்லை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்ட உரிமையாளர், ஓராண்டு கழித்து வரும் புதுப்பிப்புக் குறுஞ்செய்தியைப் பொருட்படுத்துவதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு செல்லுபடியாவதால் போக்குவரத்துக் காவலரும் அவரைத் தடுப்பதில்லை. சொந்தச் சேதக் காப்பீடு முடிந்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் ஈட்டிய கழிவு இல்லாமல் போய்விடும் என்பதால், நான்காம் மாதம் வண்டி திருடு போகும்போது அவரிடம் காப்பீடும் இல்லை, கழிவும் இல்லை. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டை மட்டும் தனியாக, வேறொரு நிறுவனத்திடமிருந்துகூட வாங்கிக்கொள்ள முடியும். பழைய நிறுவனத்தில் ஈட்டிய கழிவு புதிய நிறுவனத்திலும் அப்படியே ஏற்கப்படும்.

இனி இந்தக் கழிவின் பண மதிப்பைப் பார்க்கலாம். சொந்தச் சேதப் பிரீமியம், வண்டியின் அன்றைய சந்தை மதிப்பை ஒட்டி நிர்ணயிக்கப்படும் தொகையிலிருந்து கணக்கிடப்படுகிறது, ஐ.டி.வி. என்று தாளில் குறிக்கப்படும் அத்தொகை ஆண்டுதோறும் தேய்மானத்தால் குறைந்துகொண்டே வரும். பழைய கட்டண விதிகளில் சென்னையை உள்ளடக்கிய மண்டலத்தில், ஐந்தாண்டுக்கு உட்பட்ட 150 சிசி வரையிலான வண்டிக்கு ஐ.டி.வி.யில் 1.708 விழுக்காடு அடிப்படைப் பிரீமியமாக இருந்தது. அதை அளவுகோலாகக் கொண்டால், 60,000 ரூபாய் மதிப்புள்ள ஸ்கூட்டருக்கு வரி நீங்கலாக ஏறத்தாழ 1,025 ரூபாய். 50 விழுக்காட்டுக் கழிவின் மதிப்பு ஆண்டுக்கு 512 ரூபாய்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்ததன் வழியாகத் திருவொற்றியூர் தன் ஊர்ப்பெயரோடு சேர்த்துக்கொண்ட 350 சிசி புல்லட்டை எடுத்துக்கொண்டால், 1,50,000 ரூபாய் மதிப்புக்கு 1.793 விழுக்காட்டு வீதத்தில் பிரீமியம் சுமார் 2,690 ரூபாய், அதில் பாதி 1,345 ரூபாய்.

ஒருமுறை இழப்பீடு கேட்டால் போவது அந்த ஓராண்டுக் கழிவு மட்டும் அன்று. 50 விழுக்காட்டில் இருக்கும் ஒருவர் இழப்பீடு பெற்ற பின் வரும் முதல் புதுப்பிப்பில் 50 விழுக்காட்டை இழக்கிறார். அடுத்த ஆண்டு 20 மட்டும் கிடைப்பதால் 30, அதற்கடுத்து 25, பின்னர் 15, இறுதியாக 5 என்று மீண்டும் உச்சத்தை எட்டும்வரை இழந்துகொண்டே வருகிறார். பிரீமியம் மாறாதிருப்பதாகக் கொண்டு இவற்றைக் கூட்டினால் ஓராண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தின் 125 விழுக்காடு வரும். மேற்சொன்ன ஸ்கூட்டருக்கு அது சுமார் 1,281 ரூபாய். முதலாண்டிலேயே இழப்பீடு பெறுபவருக்கு இதே கணக்கு 50 விழுக்காட்டோடு, அதாவது 512 ரூபாயோடு முடிந்துவிடும். ஐ.டி.வி. குறைந்துவருவதாலும், நிறுவனங்கள் இன்று போட்டியில் அடிப்படைப் பிரீமியத்தையே குறைத்துத் தருவதாலும், உண்மையான இழப்பு இதனினும் சிறியதாகவே இருக்கும்.

சிறு பழுதுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். வண்டி சாய்ந்து முன்பக்கப் பேனல் உடைந்ததில் உதிரிபாகத்துக்கு 1,600 ரூபாயும் கூலிக்கு 400 ரூபாயும் ஆகிறது என்று கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவாயினும் பாதி மதிப்பே தேய்மானம் போக வழங்கப்படும். உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 100 ரூபாயும் கழிந்தால் கைக்கு வருவது 1,100 ரூபாய். உச்சக் கழிவில் இருப்பவர் இதைத் தம் கையிலிருந்தே செலவழித்துவிடுவது நல்லது. முதலாண்டுக்காரர் கேட்டு வாங்குவதே சரி. ஆனால் வண்டி திருடு போனாலோ லாரியடியில் நசுங்கினாலோ, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க் கழிவை எண்ணி ஐம்பதாயிரத்தைக் கேட்கத் தயங்குவதில் எந்த நியாயமும் இல்லை.

இங்கே ஒரு நியாயக் கேள்வியும் எழுகிறது. பிரான்சு நாட்டில் விபத்தில்லாத ஒவ்வோராண்டும் பிரீமியம் 5 விழுக்காடு குறைவதும், விபத்து நேர்ந்தால் 25 விழுக்காடு கூடுவதும் ஓட்டியவர் தவறு செய்தாரா என்பதைப் பொறுத்தவை. இந்திய விதியில் தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. இழப்பீடு பெறப்பட்டதா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் எர்ணாவூர், எண்ணூர்த் தெருக்களையும் வீடுகளையும் கறுப்பாக்கியது. அங்கே வாசலில் நிறுத்தியிருந்த வண்டி மூழ்கியதற்கு அதன் உரிமையாளர் எவ்வகையிலும் பொறுப்பல்லர். எனினும் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு பெறும் ஒருவர், பல ஆண்டு கவனமாக ஓட்டிச் சேர்த்த கழிவை முழுவதுமாக இழக்கிறார். இயற்கைப் பேரிடரால் எழும் கோரிக்கைகளையாவது இந்த விதியிலிருந்து விலக்குவதே நேர்மையாகும். அதுவரை, கூடுதல் கட்டணத்தில் கழிவைக் காக்கும் துணைக் காப்பீட்டை இருசக்கர வண்டிக்குத் தரும் நிறுவனம் எது என்று கேட்டறிவது ஒரு வழி. மூழ்கிய வண்டியை அந்த நிலையிலேயே இயக்க முயன்று எஞ்சின் பழுதானால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதமன்று என்று சொல்லி இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதும், கடற்காற்றால் படிப்படியாகப் பிடிக்கும் துரு எந்நிலையிலும் ஈடுசெய்யப்படாது என்பதும் கரையோர மக்கள் அறிந்திருக்க வேண்டியவை. சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீட்டில் சரக்கு ஏற்றுவது விலக்கப்பட்டிருப்பதால், காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிச் செல்கையில் விபத்து நேர்ந்தாலும் இத்தகைய மறுப்பை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

கழிவு வண்டிக்கு உரியதன்று, காப்பீடு செய்தவருக்கு உரியது. பழைய ஸ்கூட்டரை விற்றுப் புதியது வாங்குபவர் தம் 50 விழுக்காட்டைப் புதிய வண்டிக்குக் கொண்டுசெல்லலாம். புதிய வண்டியின் ஐ.டி.வி. உயர்ந்தது என்பதால் கழிவு உண்மையில் மிகுதியாகப் பயன்படுவது அப்போதுதான். இருசக்கர வண்டியில் ஈட்டியதைக் காருக்கு மாற்ற இயலாது. உடனே வேறு வண்டி வாங்காதவர், விற்றதற்கான சான்றுகளோடு நிறுவனத்தை அணுகிக் கழிவுச் சான்றுக் கடிதம் பெற்றுக்கொண்டால், பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் அதைப் பயன்படுத்தலாம். கப்பல் வேலைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போகுமுன் வண்டியை விற்றுவிட்டுச் செல்பவர்களுக்கு இது பெரிதும் உதவும். வெளிநாட்டில் ஈட்டிய கழிவையும் தக்க சான்று காட்டி, அங்கிருந்த காப்பீடு முடிந்த மூன்றாண்டுக்குள் இங்கே கோர அதே விதிகள் இடமளிக்கின்றன. உரிமையாளர் இறந்து வண்டி கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரில் ஒருவரின் பயன்பாட்டுக்கு வந்தால் கழிவும் அவரைச் சேரும். மற்றபடி பழைய வண்டி வாங்குபவருக்கு விற்றவரின் கழிவில் பங்கில்லை. 14 நாள்களுக்குள் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்கும்போது, எஞ்சிய காலத்துக்கான கழிவுத் தொகையை அவர் செலுத்த வேண்டியிருக்கும்.

நிறுவனம் மாறுகையில் உரிமையாளர் தமக்குரிய கழிவு இவ்வளவு என்று உறுதிமொழி தருகிறார். அது பொய்யென்று தெரியவந்தால் சொந்தச் சேதப் பிரிவின் பலன்கள் அனைத்தும் பறிபோகும் என்ற வாசகமும் அதிலேயே இருக்கும். இணையத்தில் அவசரமாகப் புதுப்பிக்கும்போது, சென்ற ஆண்டு இழப்பீடு பெற்றீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று தட்டிவிடுவதும் இத்தகைய உறுதிமொழியே. உறுதிமொழியைப் பெற்ற புதிய நிறுவனம் 21 நாள்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்பதும் விதி; அது சரிபார்க்காமல் இருந்துவிட்டு, விபத்துக்குப் பின் பொய்யைக் காட்டி முழுத் தொகையையும் மறுக்கலாமா என்பதில் நுகர்வோர் ஆணையங்கள் வழக்குக்கு வழக்கு வேறுபட்ட முடிவுகளை எடுத்துள்ளன: சில வழக்குகளில் ஒரு பகுதி குறைத்துத் தர ஆணையிட்டன, சிலவற்றில் மறுப்பையே ஏற்றன. உரிய கழிவு தரப்படாவிட்டாலோ இழப்பீடு மறுக்கப்பட்டாலோ முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவு தராவிட்டாலும், அதன்பின் ஓராண்டுக்குள் அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் கட்டணமின்றி, வழக்கறிஞர் துணையின்றிப் புகார் அளிக்கலாம்.