நந்தி மலையா, நாசிக்கா? ஒயின் தோட்டம் பார்க்கக் கிளம்பும் கொங்குக்காரர்களுக்கு

பவானியிலிருந்து வண்டி கட்டினால் பழனி, திருப்பதி, ஊட்டி, கொடைக்கானல். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பல காலப் பழக்கம். இப்போது அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனோ மகளோ, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைச் சனிக்கிழமை காலையில் காரில் ஏற்றி, "சும்மா வாங்கப்பா, பாத்துட்டு வரலாம்" என்று நந்தி மலைப் பக்கம் கூட்டிப்போகிறார்கள். ஒயின் டூர். ஊர் திரும்பியதும் பங்காளிகள் கேட்டால், "ஒரு திராட்சைத் தோட்டம் பாக்கப் போனோமுங்க" என்று பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தத் தயக்கம் சும்மா வந்ததல்ல. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். குமாரபாளையம் அன்று சேலம் மாவட்டம், பவானி கோவை மாவட்டம். ஆக, காவிரிக்கு அந்தக் கரையில் மதுவிலக்கு, இந்தக் கரையில் இல்லை! பாலத்தில் அந்த நாட்களில் யார் யார் எந்தத் திசையில் நடந்தார்கள் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் நல்ல நாவல் கிடைத்திருக்கும். குடியால் கெட்ட குடும்பம் ஒன்றாவது தெரியாத தெரு நம் பக்கத்தில் இல்லை. அதனால் இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காதவர்களும் பார்க்க வேண்டிய விவசாயம் ஒன்று அங்கே நடக்கிறது. அதை எந்தத் தோட்டத்தில், எப்போது பார்ப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் பக்கத்தில் இருப்பது. பவானி லட்சுமி நகரில் நான்குவழிச் சாலையில் ஏறினால் சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஊரைத் தாண்டித் தொட்டபள்ளாபுரம் பக்கம் போனால் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் ஜம்பா தோட்டம். தென்னிந்திய ஒயினின் கதை இங்கிருந்துதான் ஆரம்பம். கன்வல் குரோவர் தொழில் நிமித்தமாகப் பிரான்சுக்குப் போய்வந்து கொண்டிருந்தவர். அங்கே ஒயின் மேல் ஆசை பிடித்து, ஷாம்பெய்ன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசல் என்ற நிபுணரை அழைத்துவந்து, எந்தப் பிரெஞ்சுக் கொடி நம் மண்ணில் பிழைக்கும் என்று பல ரகங்களை வைத்துப் பார்த்தார். 1988-ல் நிறுவனம், 1992-ல் முதல் ஒயின். பிறகு மிஷேல் ரோலான் என்ற உலகப் புகழ் ஆலோசகரும் வந்து சேர்ந்தார். அவர் கை பட்ட 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயின்தான் இன்றும் இவர்களுக்குப் பெயர் வாங்கித் தருவது. 2012-ல் நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இணைந்ததில் பெயரோடு 'ஜம்பா' ஒட்டிக்கொண்டது.

நம் ஊர் விவசாயியை இந்தத் தோட்டத்துக்குள் விட்டால் முதல் கேள்வி ருசியைப் பற்றி இருக்காது. "ஏனுங்க, ஏக்கருக்கு எத்தனை டன் எடுக்கறீங்க?" பதிலைக் கேட்டால் முகம் மாறிவிடும். விளைச்சலைக் கூட்டுவதல்ல, குறைப்பதுதான் இங்கே வேலை. கம்பம் பள்ளத்தாக்கிலும் தொண்டாமுத்தூரிலும் திராட்சை என்றால் தலைக்கு மேல் பந்தல். அடியில் நிழலாக நடந்து போகலாம். இங்கே பந்தல் கிடையாது. கல்லும் கம்பியும் நட்டு, இடுப்பு உயரத்தில் கொடியை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இலைக்கு வெயில் படவும், குலைக்குக் காற்று போகவும் அப்படி ஒரு ஏற்பாடு. காய் அதிகம் பிடித்தால் பிஞ்சிலேயே குலைகளை வெட்டிக் கீழே போடுகிறார்கள். பாடுபட்டு வளர்த்ததை வெட்டிப் போடுவதைப் பார்க்க மனசு கேட்காது. மிஞ்சிய குலைக்குள் சத்து முழுவதும் போகட்டும் என்பது கணக்கு.

பழத்தைப் பறித்துக் கடித்துப் பாருங்கள். நாம் கிலோக் கணக்கில் வாங்கும் பன்னீர் திராட்சையோடு ஒப்பிட்டால் இது சுண்டைக்காய் அளவு. தோல் தடிப்பு, உள்ளே கொட்டை, சதை கொஞ்சம். ஆனால் இனிப்பு நாக்கைத் தூக்கிப் போடும். ஒயினுக்குப் பறிக்கும்போது சாற்றின் இனிப்பு 22 முதல் 24 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய அத்தனை கிராம் சர்க்கரை, இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். அதனால்தான் ஒயின் 12, 13 சதவீதத்தில் வந்து நிற்கிறது.

ஆலைக்குள் நுழைந்தால் புளிப்பும் ஈஸ்டுமாக ஒரு வாசம். இட்லி மாவு பொங்கிய சமையலறை ஞாபகம் வரும். ஸ்டீல் டேங்குகள் வரிசையாக நிற்கும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்ததும் தோலைப் பிரித்துவிட்டு, சாற்றை 15 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாகப் புளிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடு, சற்றுக் கூடுதல் சூட்டில். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன. கறுப்புத் திராட்சையானாலும் சாறு வெள்ளைதான் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பக்கத்து அறையில் 225 லிட்டர் ஓக் மரப்பீப்பாய்கள் படுத்திருக்கும். விலை உயர்ந்த சிவப்பு ஒயின்கள் மாதக் கணக்கில் அதற்குள் ஊறி, மரத்தின் வெண்ணிலா வாசத்தை வாங்கிக்கொள்கின்றன.

பிறகுதான் மேசை. ஐந்தாறு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மடக்கு. வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிப்பார்கள். கோப்பையின் காம்பைப் பிடித்துச் சுழற்றி, மோந்து பார்த்து, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும். வேண்டாம் என்றால் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார்கள். காரணம் எளிது. நமக்குத் தெரிந்த ஒயின், கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டுப் பீங்கான் ஜாடியில் ஊறவைக்கிற இனிப்புச் சரக்கு. இங்கே ஊற்றுவதில் சர்க்கரை அநேகமாக மிச்சமில்லை. செனின் பிளாங்க் என்ற வெள்ளை ரகம் மட்டும் முதல் தடவைக்காரர்களிடம் தப்பித்துவிடுகிறது, அதில் லேசான இனிப்பு வைத்துச் செய்பவர்கள் உண்டு. சிவப்பில் ஷிராஸ் மிளகு மாதிரி கார வாசம் தரும். கேபர்னே சாவிஞான் ஈறைப் பிடித்து இழுக்கும்.

நந்தி மலையோடு ஆசை தீராதவர்களுக்கு நாசிக். கோவையிலிருந்து ஈரோடு வழியாகப் போகும் குர்லா எக்ஸ்பிரஸில் கல்யாண் போய், அங்கிருந்து மாறலாம். கோதாவரிக் கரை, பஞ்சவடி, திரியம்பகேஸ்வரர் என்று புண்ணியத் தலமாகவே நமக்குத் தெரிந்த ஊர். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர் சூலா. ராஜீவ் சாமந்த் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து ஆரக்கிளில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டுக் குடும்ப நிலத்துக்குத் திரும்பி, மாவும் ரோஜாவும் வேறு பயிர்களும் வைத்துப் பார்த்துவிட்டு, 1997-ல் ஒயின் திராட்சைக்கு வந்தார். கலிபோர்னியாவின் கெர்ரி டாம்ஸ்கி ஒயின் செய்யக் கைகொடுத்தார். முதல் பாட்டில் 2000-ல். தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கித்தான் சூலா. 2005-ல் வாசலைத் திறந்து, வருகிறவர்கள் உட்கார்ந்து ருசி பார்க்க ஒரு கூடம் போட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே போய்விட்டது நிறுவனம்.

ஆனால் இன்றைய சூலா, ஆடி மாதத்து ஜவுளிக்கடை. வாகன நெரிசல், செல்ஃபி, கூட்டம் கூட்டமாகக் கல்லூரிப் பிள்ளைகள். அறுவடைக் காலத்தில் தொட்டியில் திராட்சையைப் போட்டு மிதிக்க விடுவார்கள். அது போட்டோவுக்கு, உண்மையான ஒயின் மெஷினில்தான் தயாராகிறது. கங்காபூர் அணை நீரைப் பார்த்தபடி மாலை வெயிலில் உட்காரும் அந்த மாடி அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் தோட்டத்தைப் பற்றி நின்று நாலு கேள்வி கேட்க அங்கே நேரம் கிடைக்காது.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் யார்க் இதற்கு நேர் எதிர். குர்னானி குடும்பம் தொடங்கியது. யோகிதா, ரவி, கைலாஷ் என்று மூன்று பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர், இங்கிலாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2021-ல் சூலாவே இதை வாங்கிவிட்டது. அப்படியும் இடம் சிறிது, சத்தம் குறைவு. சோமா வைன் வில்லேஜும் இதே சாலைப் பக்கம்தான். பெங்களூர்ப் பக்கத்திலும் 'சோமா' என்று ஒன்று இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது ஊரைச் சரிபாருங்கள்.

என்னைக் கேட்டால் நாசிக்கில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் வல்லோனேவுக்குப் போகச் சொல்வேன். இகத்புரி வட்டத்தில், முக்னே அணையைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஆலை. பிரெஞ்சு முறையை விடாமல் பிடித்திருப்பவர்கள். மால்பெக், வியோனியே மாதிரி மற்றவர்கள் அதிகம் தொடாத ரகங்களும், பழத்தை உலர்த்திச் செய்யும் இனிப்பு ஒயினும் இவர்களிடம் உண்டு. நுரைக்கும் ஒயின் வேண்டுபவர்களுக்குத் திண்டோரியில் ஷாந்தோன். பொதுவாகச் சொன்னால் வெள்ளைக்கு நாசிக், சிவப்புக்கு நந்தி மலை. நாசிக்கில் எரிமலைப் பாறையிலிருந்து வந்த கரிசல் கலந்த மண், 600 மீட்டர் உயரம். நந்தி அடிவாரம் செம்மண், உயரமும் கூடுதல், ஆண்டு முழுக்க மிதமான வெயில். இது என் நாக்கின் தீர்ப்பு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

திராட்சைக்கு நாம் புதியவர்கள் அல்லவே, நம் பக்கத்தில் ஏன் இப்படி ஒன்று இல்லை? கம்பம் பள்ளத்தாக்குக்குப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க்தான் நம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கும் பூமி அது. ஆனால் தோல் மெல்லிசு, சர்க்கரை குறைவு, முழுக்கச் சாப்பிடுவதற்கென்றே வளர்ப்பது. அதைவிட முக்கியம், அரசின் கொள்கை. மகாராஷ்டிரா 2001-லேயே ஒயினைத் திராட்சை விவசாயத்தின் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டு, கலால் வரியில் சலுகை கொடுத்து, விஞ்சூரிலும் பலூசிலும் ஒயின் பூங்கா போட்டது. கர்நாடகா 2007-ல் தனிக் கொள்கையும் பிறகு ஒயின் வாரியமும் அமைத்தது. இங்கே 1987-லிருந்து கள்ளுக்கே தடை; அதை எடுக்கச் சொல்லிக் கொங்கு விவசாயிகள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

சாராய அரசியலுக்குள் போகாமலே நாசிக்கிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே விற்பது பாட்டில் மட்டுமல்ல. தோட்டத்துக்குள் ஒரு மணி நேரம் நடப்பதற்கும் காசு வாங்குகிறார்கள். நம் கவுந்தப்பாடியை நினைத்துப் பாருங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற ஊர். கரும்பு ஆலைக் கொட்டகையில் கொப்பரை கொதிக்கும்போது போனால், கருப்பஞ்சாறும் ஒரு கரண்டி சூட்டுப் பாகும் கேட்காமலே கிடைக்கும். அச்சு வெல்லம், உருண்டை, நாட்டுச் சர்க்கரை என்று ஆலைக்கு ஆலை நிறமும் ருசியும் மாறுவது உள்ளூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மண்டியில் ஏலம் விட்டதோடு நம் வியாபாரம் முடிந்துவிடுகிறது. நாலு ஆலைகள் சேர்ந்து, வருகிறவர்களை உட்காரவைத்து, வித்தியாசத்தைச் சொல்லி ருசிக்கக் கொடுத்து, வாசலிலேயே விற்றால் பவானி கூடுதுறைக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதியாவது அந்தப் பக்கம் திரும்பாதா? சுற்றுலாத் துறையும் வேளாண் வணிகத் துறையும் ஒருமுறை நாசிக் போய்வந்து இதைத் தொடங்கி வைக்கலாம்.

கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் ஆலையில் பேச ஆள் கிடைப்பார்கள். 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஊற்ற மாட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. தனியாக டிரைவர் வைத்துக்கொள்வது உத்தமம். ஆசைப்பட்டுப் பெட்டியாக வாங்கி டிக்கியில் அடுக்கிவிடாதீர்கள். 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம்தான் தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருக்கிறது, வெளிமாநிலப் பாட்டிலுக்கு அதில் கட்டுப்பாடு உண்டு, ஓசூர் எல்லையில் சோதனையும் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு நந்தி மலைக்கு, ஒரே நாளில் முடியும். காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. அப்போதுதான் குலை கொடியிலும் சாறு டேங்கிலும் இருக்கும். ஏப்ரலில் போனால் கவாத்து வெட்டி முடித்த மொட்டைக் குச்சிகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.