ரத்தப் பரிசோதனை சரி, கருமுட்டை எங்கே?

மூட்டு வலி, மாதவிடாய் வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே இவ்வகை மருந்துகள் வேலை செய்கின்றன என்று 1971-ல் காட்டியவர் ஜான் வேன்; 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வலியையும் வீக்கத்தையும் கூட்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் கருமுட்டை வெளிவரவும் உதவுகிறது.

முயல் காட்டிய விந்தை

பெண் முயல் இணைசேர்ந்ததும் பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைப் பொழியும். சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். நேரம் இவ்வளவு தெளிவாகத் தெரிவதால் ஆய்வுக்கு முயல் தோதான விலங்கு.

1970-களின் தொடக்கத்தில் இந்த முயல்களுக்கு அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த இண்டோமெத்தசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். கருமுட்டை வளரும் பையான ஃபாலிக்கிள் பருத்தது, சிவந்தது, ஆனால் வெடிக்கவில்லை. கருமுட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதைவிட வியப்பு, வெடிக்காத அந்தப் பையே, வழக்கமாகக் கருமுட்டை வெளியேறிய பின் உருவாகும் கார்பஸ் லூட்டியமாக மாறி, எதுவும் நடக்காததுபோல் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரந்தது! எலிகளிலும் இதையே கண்டார்கள்.

 

பெண்களுக்கும் ஆண்களுக்கும்

முடக்குவாதத்துக்காகத் தொடர்ந்து இம்மருந்துகளைச் சாப்பிட்ட பெண்கள் சிலரிடமும் ஃபாலிக்கிள் வெடிக்காமல் நின்றிருக்கிறது. புரோஜெஸ்டிரோன் அளவு சரியாக இருப்பதால், ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்தால் கருமுட்டை வெளிவந்துவிட்டதாகவே தோன்றும். ஃபாலிக்குலர் ஸ்கேனில்தான் உண்மை தெரியும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும் என்பது ஆறுதல்.

ஆண்களிடமும் இம்மருந்துகளின் தாக்கம் தெரிகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 35 வயது வரையிலான 31 ஆண்கள் பங்கேற்றார்கள். தினமும் 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களுக்கு இரண்டே வாரத்தில், ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் எல்.எச். ஏறியது. டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, ஆனால் அதைக் குறையாமல் காக்க பிட்யூட்டரி கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது.

யார் கவனிக்க வேண்டும்?

தலைவலிக்கு எப்போதோ போட்ட ஒரு மாத்திரையை எண்ணி யாரும் பதற வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண், வலி மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிடுகிறார் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலர் சொல்வதே இல்லை. வலி மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கருத்தரித்த பின்னும் கவனம் வேண்டும். கர்ப்பம் 20 வாரத்தை எட்டிய பிறகு, சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையலாம் என்பதால், இம்மருந்துகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. மருத்துவரே எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு இது பொருந்தாது. அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.