பாட்டில் ஏன் வெடிக்குது? கோலி சோடாவிலிருந்து பீர் பாட்டில் வரை

இஞ்சி பீர் எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "காலி பீர் பாட்டிலைக் கழுவி இதுக்கு யூஸ் பண்ணலாமா?" பண்ணலாம். ஆனா எந்த பாட்டில்ங்கிறதைப் பார்த்து எடுக்கணும். எனக்கு இது ஒரு மே மாசம் மத்தியானம் புரிஞ்சது. பார்க்க அழகா இருக்கேன்னு கம்பி கிளிப் போட்ட மூடி பாட்டில் வாங்கி, இஞ்சி பீர் ஊத்தி, சமையலறைப் பரண்ல வெச்சிருந்தேன். ஹால்ல உட்கார்ந்திருக்கும்போது லட்சுமி வெடி மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தா கண்ணாடித் துண்டு எதிர்ச் சுவர்ல குத்தி நிக்குது. அந்த நிமிஷம் அங்க யாரும் நிக்கல, அவ்வளவுதான்.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம். "எங்க வீட்டுக்கு மட்டும்தான்" என்பதெல்லாம் செல்லாது. பிரிட்டனில் 1963-லயும் அமெரிக்காவில் 1978-லயும் வீட்டு பீருக்கு வழி விட்டாங்க. லண்டன்லயும் நியூ ஜெர்சிலயும் இருந்து கேக்குறவங்க பீரே போடலாம். இங்க இருக்குறவங்களுக்கு ஓரிரு நாள் ஊறி, கேஸ் ஏறினதும் ஃப்ரிட்ஜுக்குப் போற இஞ்சி சோடா, கொம்புச்சா, அந்த அளவோட நிறுத்திக்குவோம். பாட்டிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உள்ள இருக்குறது எதுன்னு கண்ணாடிக்குத் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்துற பாட்டில் நமக்குப் புதுசு இல்ல. விருதுநகர்ல 1916-ல பழனியப்ப நாடார் ஆரம்பிச்ச சோடா கம்பெனிதான் காளி மார்க். பொவொண்டோ வந்தது 1958-ல. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட, 2017 மார்ச்ல வணிகர் சங்கங்கள் வெளிநாட்டு கோலாவை விக்க மாட்டோம்னு சொன்னப்போ, சென்னைப் பசங்க பலருக்கு அந்தப் பேரே அப்பதான் தெரிஞ்சது. தென்மாவட்டத்துக்காரங்க சிரிச்சிருப்பாங்க. பெட்டிக்கடையில நின்னு குடிச்சிட்டு, காலி பாட்டிலை கிரேட்ல வெச்சிட்டுப் போறதுதான் அங்க பழக்கம். பாட்டில் கம்பெனிக்குத் திரும்பிப் போகும், கழுவுவாங்க, மறுபடி நிரப்புவாங்க. அதனாலதான் அந்தக் கண்ணாடி அவ்வளவு கனம்.

கோலி சோடா பாட்டில் இன்னும் கனம். 1872-ல ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கின டிசைன் அது. கழுத்துக்குள்ள ஒரு ரப்பர் வளையம், உள்ள ஒரு கோலி. தண்ணிய ஊத்தி, கேஸை ஏத்தி, தலைகீழாக் கவிழ்த்தா கோலி வளையத்துல வந்து உட்காரும். உள்ள இருக்குற அழுத்தமே அதை அங்க பிடிச்சு வெச்சிருக்கும். "அப்போ அதுலயே ஊத்திடலாமே?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டாம். ஈஸ்ட் கேஸை மெதுவாத்தான் உண்டாக்கும். கோலியைத் தள்ளிப் பிடிக்கிற அழுத்தம் ஆரம்பத்துல இருக்காது, கசியும். அதோட அந்த இடுக்குக் கழுத்துக்குள்ள பிரஷ் போகாது.

இப்போ கணக்கு. ஒரு லிட்டர் திரவத்துல 4 கிராம் சர்க்கரை நொதிச்சா, தோராயமா ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். பீருக்கு ஒரு லிட்டருக்கு ரெண்டரை லிட்டர் கேஸ் போதும். 20 டிகிரியில அது பாட்டில் சுவர்ல தர்ற அழுத்தம் கிட்டத்தட்ட கார் டயர்ல இருக்குற அளவு. ஆனா சூடு ஏற ஏற திரவத்துல கேஸ் தங்காது, வெளிய வரப் பார்க்கும். அதே பாட்டில் 40 டிகிரிக்குப் போனா அழுத்தம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆயிடும். குளிர் நாட்டுக்காரங்க எழுதின ரெசிபியை அப்படியே எடுத்து, சித்திரை வெயில்ல மொட்டை மாடி ரூம்ல வெச்சா என்ன ஆகும்னு இப்போ தெரியுதா?

இஞ்சி பீர்ல இன்னொரு வம்பு. இனிப்புக்காக லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போடுறோம். மூடி போட்டு மறந்துட்டா அது முழுசும் நொதிச்சு 20 லிட்டர் கேஸ் ஆகப் பார்க்கும். அதைத் தாங்குற கண்ணாடி பாட்டில் எதுவும் இல்ல. என் பரண்ல நடந்தது இதுதான். பாட்டிலும் அலங்காரத்துக்குச் செஞ்சது, தண்ணி வைக்க மட்டும்தான் லாயக்கு.

சரி, எதை எடுக்கலாம்? 650 மில்லி பழுப்பு நிற பீர் பாட்டில், ஓப்பனரால நெம்பித் திறக்குற வகை. அதுக்கு 26 மில்லிமீட்டர் கிரவுன் மூடி சேரும். அமெரிக்காவுல வில்லியம் பெயின்டர் 1892-ல காப்புரிமை வாங்கின அதே மூடிதான். அப்போ 24 பல், இப்போ 21, எண்ணிப் பாருங்க. திருகித் திறக்குற பாட்டிலை விட்டுடுங்க, வாய் விளிம்பு மெலிசு, மூடி சரியா கவ்வாது. பழுப்பு நிறம் வெளிச்சத்தைத் தடுக்கும். ஹாப்ஸ் போட்ட பீருக்கு அது முக்கியம், இஞ்சிக்கு அவ்வளவா இல்ல. ஒயின், ஜாம், சாஸ் பாட்டில் எதுவும் கூடவே கூடாது.

பழைய பேப்பர் கடையில எடுக்குறீங்கன்னா முதல்ல மூக்கால பாருங்க. நம்ம ஊர்ல ஃபினாயில், ஆசிட், தின்னர் எல்லாம் பீர் பாட்டில்லதான் விக்கிறாங்க. லேசா வாடை வந்தாலும் வேண்டாம், கழுவிக்கலாம்னு நினைக்காதீங்க. அப்புறம் வாய் விளிம்புல பஞ்சை ஓட்டிப் பாருங்க. நூல் மாட்டினா அங்க சில்லு பேர்ந்திருக்கு. தோள்லயும் அடியிலயும் வெள்ளையா தேய்ஞ்ச வளையம் இருந்தா அது பல தடவை சுத்தி வந்த பாட்டில், நம்ம வேலைக்கு ஆகாது. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபா திருப்பித் தர்ற திட்டம் 2022-ல நீலகிரியில ஆரம்பிச்சதே, காட்டுல வீசின கண்ணாடி விலங்குகளோட காலைக் கிழிச்சதாலதான். கழிச்ச பாட்டிலை ரோட்டோரம் போடாதீங்க.

லேபிள் எடுக்க வெதுவெதுப்பான தண்ணில சலவை சோடா போட்டு ராத்திரி பூரா ஊற வெச்சா போதும், சிவகாசி அச்சுக்கூடத்துக் காகிதமா இருந்தாலும் உரிஞ்சு வந்துடும். குளிர்ந்த பாட்டில்ல கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

வைக்கிற இடத்துக்கு ஒரு யோசனை சிவகாசியில இருந்தே எடுத்துக்கலாம். பட்டாசு ஆலையில ஒரே பெரிய ஷெட்டாக் கட்ட மாட்டாங்க. சின்னச் சின்ன ரூம், நடுவுல இடைவெளி, உள்ள ஆளும் குறைவு. ஒண்ணு வெடிச்சா அடுத்தது சேர்ந்து வெடிக்கக் கூடாது. அந்த விதியை மீறின இடத்துலதான் அங்க உயிர் போகுது. நம்ம பாட்டிலும் அப்படித்தான்: ஒண்ணு உடைஞ்சா அதோட துண்டு பக்கத்துப் பாட்டிலை உடைக்கும். அட்டைத் தடுப்பு உள்ள பெட்டியில ஒவ்வொண்ணா நிறுத்தி, மூடி போட்டு, தரையில, வீட்டோட குளிர்ச்சியான மூலையில வைங்க.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் அதே சரக்கை ஊத்தி வைங்க. கண்ணாடி எவ்வளவு இறுகிடுச்சுன்னு வெளிய காட்டாது, பிளாஸ்டிக் காட்டும். அமுக்கிப் பார்த்து அது கல்லு மாதிரி ஆனதும் எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. வெயில் காலத்துல அது ஒரே நாள்ல ஆகலாம், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. ஃப்ரிட்ஜ்ல ஈஸ்ட் சாகாது, தூங்கும். அதனால ரெண்டு வாரத்துக்குள்ள குடிச்சு முடிச்சிடுங்க. திறக்கும்போது பாட்டிலைத் துண்டால சுத்திக்குங்க, முகத்தைத் தள்ளி வெச்சுக்குங்க.