ஆபீஸ் ஃபைலை அழித்தது யார்? பழி போடும் முன் ‘லாக்’கை டவுன்லோடு செய்யுங்கள்!

வருமான வரி ரிட்டர்ன் சீசன். ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்து பார்த்தால், ஒரு கிளையன்ட்டின் ஃபோல்டரையே காணோம். “நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சே சார்!” என்கிறார் ஒருவர். எல்லோர் பார்வையும், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஜூனியர் பக்கம் திரும்புகிறது. “கடைசியா கிளம்பினது நீதானே?”

உண்மையில் யார் அழித்தார்கள்? இதற்கான பதில், ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு இருக்கிறது.

அது என்ன பெட்டி?

அதன் பெயர் ‘நாஸ்’. நெட்வொர்க்கில் இணைக்கப்பட்ட ஹார்டு டிஸ்க் பெட்டி. சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் பெட்டிகளை ஆபீஸ்களிலும் ஸ்டூடியோக்களிலும் பார்க்கலாம். இதற்குத் தனியாக மானிட்டரோ கீபோர்டோ தேவையில்லை. பிரவுசரில் அதன் ஐ.பி. முகவரியை டைப் செய்தால் லாகின் பக்கம் வரும். சினாலஜியில் வழக்கமாக முகவரியுடன் 5000 அல்லது 5001 என்ற போர்ட் எண்ணைச் சேர்க்க வேண்டும். கியூநாப்பில் 8080.

லாக் என்றால்?

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டு மாதிரிதான். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்த வீட்டுக்குப் போனார் என்று அதில் எழுதியிருக்கும். நாஸும் தன் பங்குக்கு எழுதி வைக்கிறது. எந்த லாகின், எந்த ஐ.பி.யிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த ஃபைலை என்ன செய்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும்.

ஆனால், ஒரு சிக்கல் உண்டு. லாகின் ஆனவர்கள் விவரம் தானாகவே பதிவாகும். ஃபைலை யார் அழித்தார், யார் பெயர் மாற்றினார் என்ற விவரம் அப்படியல்ல. சினாலஜியில் கன்ட்ரோல் பேனல், ஃபைல் சர்வீசஸ், எஸ்.எம்.பி. பகுதிக்குப் போய் ‘டிரான்ஸ்ஃபர் லாக்’கை நாமே ஆன் செய்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு ஆன் செய்தால், நேற்று நடந்தது கிடைக்காது.

எப்படி டவுன்லோடு செய்வது?

முதலில் ஒரு விஷயம். பதற்றத்தில் பெட்டியை ரீசெட் செய்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தாலும், மெமரியில் மட்டும் இருக்கும் சில விவரங்கள் போய்விடலாம். ‘#ரீசைக்கிள்’ ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள். ரீசைக்கிள் பின் ஆன் ஆகியிருந்தால், காணாமல் போனது அங்கேயே கிடைத்துவிடலாம்.

• சினாலஜி: அட்மின் கணக்கில் லாகின் செய்து ‘லாக் சென்டர்’ செல்லுங்கள். கனெக்‌ஷன், ஃபைல் டிரான்ஸ்ஃபர் என வகைகள் இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் சி.எஸ்.வி. ஃபைலாக இறங்கும். எக்செலில் திறந்து தேடலாம். அதே இடத்தில் ‘கிளியர்’ பட்டனும் இருக்கும். ஜாக்கிரதை! அதை அழுத்தினால் இருக்கிற சாட்சியும் போச்சு.

• கியூநாப்: ‘கியூலாக் சென்டர்’ என்ற ஆப்பில் இதே வேலையைச் செய்யலாம்.

• ட்ரூநாஸ்: சிஸ்டம், அட்வான்ஸ்டு பகுதியில் ‘சேவ் டீபக்’ கொடுத்தால், எல்லா விவரங்களும் ஒரே சுருக்கப்பட்ட ஃபைலாக இறங்கும்.

சினாலஜியின் ‘சப்போர்ட் சென்டரி’லும் இப்படி மொத்த லாக்கையும் ஒரே ஃபைலாக எடுக்கலாம். அது கம்பெனியின் சப்போர்ட் குழுவுக்கு அனுப்புவதற்கானது. அதில் யூசர் பெயர்கள், ஐ.பி. முகவரிகள் எல்லாம் இருக்கும் என்பதால், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

லாக் சொன்னால் அதுதான் தீர்ப்பா?

இல்லை. லாக் சொல்வது லாகின் பெயரை. ஆளை அல்ல! ஆபீஸில் எல்லோரும் ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கைப் பயன்படுத்தினால், லாக்கிலும் ‘அட்மின் அழித்தார்’ என்றுதான் இருக்கும்.

ஐ.பி. எண்ணும் அப்படியே. பல ஆபீஸ்களில் ரவுட்டர்தான் எண்களைக் கொடுக்கிறது. இன்று உங்கள் லேப்டாப்புக்குக் கிடைத்த எண், நாளை இன்னொருவருக்குப் போகலாம். அதனால் ரவுட்டரின் பதிவோடும் ஒப்பிட வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். லாக்கில் காலை 6.10 என்று இருந்து, அது யூ.டி.சி. நேரமாக இருந்தால், நம் கடிகாரத்தில் அது 11.40. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் தப்பானவர் மாட்டிக்கொள்ளலாம்.

லாகின் பக்கமே திறக்கவில்லை என்றால்?

2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற ரான்சம்வேர், இன்டர்நெட்டில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைத் தாக்கியது. ஃபைல்களைப் பூட்டியதோடு, லாகின் பக்கத்தையே மாற்றி அங்கே மிரட்டல் செய்தியை வைத்தது. கேட்ட தொகை 0.03 பிட்காயின். லாக்கை எடுக்கப் போகும் வாசலிலேயே திருடன் உட்கார்ந்திருந்தான்!

லாக்கைப் பெட்டிக்குள் மட்டும் வைத்திருந்தால், பெட்டி போகும்போது லாக்கும் போகும். ‘சிஸ்லாக்’ என்ற முறையில் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் உடனுக்குடன் அனுப்பி வைக்கலாம். சினாலஜி லாக் சென்டரிலேயே இந்த வசதி இருக்கிறது.

இது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று ‘செர்ட்-இன்’ வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். உத்தரவில் பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள்.
2. டிரான்ஸ்ஃபர் லாக்கையும் ரீசைக்கிள் பின்னையும் ஆன் செய்யுங்கள்.
3. டைம் ஜோன் சரியா, நேரம் தானாக அப்டேட் ஆகிறதா என்று பாருங்கள்.
4. லாகின் பக்கத்தை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து வேலை செய்ய வி.பி.என். பயன்படுத்துங்கள்.
5. மாதம் ஒருமுறை லாக்கை டவுன்லோடு செய்து வேறு இடத்தில் வையுங்கள்.

லாக்கை எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அட்மினிடம்தான் இருக்கும். அதாவது, கேள்வி கேட்பவரிடம். பதில் சொல்ல வேண்டிய ஜூனியரிடம் இருக்காது. எனவே அப்படி ஒரு சூழலில் நீங்கள் மாட்டிக்கொண்டால், தயங்காமல் கேளுங்கள்: “லாக்கைப் பார்த்துட்டு சொல்லுங்க சார்.” நீங்கள் அட்மினாக இருந்தால், அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.